ஜப்பான் போனால் முதலில் எந்த இனிப்பைச் சாப்பிடலாம்?

டோக்கியோ போகிறவர் கேட்டிருப்பதால் சொல்கிறேன்: அன்பான். ‘அன்’ என்றால் சிவப்புப் பயற்றுப் பூரணம். ‘பான்’ என்றால் ரொட்டி, போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். டோக்கியோவின் கின்சா பகுதியில் கிமுராயா கடை 1874-இல் இதைக் கொண்டுவந்தது. அரிசியும் கோஜி என்ற பூஞ்சையும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவு என்பதால் பிய்க்கும்போதே லேசாக ஒரு சாக்கே (ஜப்பானிய அரிசி மது) வாசனை வரும். 1875-இல் மெய்ஜி பேரரசருக்குக் கொடுத்தபோது நடுவில் உப்பில் ஊறிய செர்ரிப் பூவை வைத்தார்கள். இன்றும் அந்தக் கடையின் செர்ரிப்பூ அன்பானில் அந்தப் பூ தொப்புள் மாதிரிப் பதிந்திருக்கும். இனிப்புக்கு நடுவே அந்த உப்பு நாக்கில் படுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொன்று வாங்கலாம்.

அப்புறம் மெலன்பான். மேலே பிஸ்கட் மாவு, கட்டம் கட்டமாகக் கீறல். பெயர்தான் முலாம்பழம், பெரும்பாலும் பழம் மருந்துக்கும் இருக்காது. சூடாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஆறியதென்றால் விட்டுவிடுங்கள்.