வாசகர் கேள்விகள்: வில்டன் ஆலையிலிருந்து வந்த பிரதமர்

கேள்வி: எட்டாம் எட்வர்ட் முடி துறந்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, அன்றைய பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினை 'இரும்பு ஆலைக்காரர் மகன்' என்றீர்கள். பிரிட்டிஷ் பிரதமர்கள் எல்லாம் பிரபு வீட்டுப் பிள்ளைகள் இல்லையா?
*- வாசகி, ஈரோடு*

பதில்: இல்லை. இவர் அசல் தொழில் குடும்பம். இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில் வில்டன் என்று ஒரு சிறிய ஊர். பால்ட்வின் குடும்பத்தின் இரும்புத் தகடு ஆலை அங்கேதான் இருந்தது. ஊருக்கு சர்ச் கட்டிக் கொடுத்ததும் ஸ்டான்லியின் அப்பா ஆல்ஃபிரட் பால்ட்வின்தான். ஆல்ஃபிரட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராகவும் இருந்தார், எம்.பி.யாகவும் இருந்தார். அம்மா வழியில் இன்னொரு உறவு உண்டு: பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், ஸ்டான்லிக்குப் பெரியம்மா மகன்.

ஸ்டான்லி 1867 ஆகஸ்ட் 3-ல் பிறந்தவர், ஒரே பிள்ளை. கேம்பிரிட்ஜில் வரலாறு படித்து மூன்றாம் வகுப்பில் தேறினார். 1888 முதல் இருபது வருடம் ஆலை வேலைதான். 1908-ல் அப்பா இறந்ததும் அவருடைய பியூட்லி தொகுதியில் போட்டியின்றி எம்.பி. ஆனார். அப்போது வயது நாற்பது. மூன்று முறை பிரதமராக இருந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: தன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கை நாட்டுக்குக் கொடுத்தார் என்று படித்தேன். நிஜமா?
*- வாசகர், விருதுநகர்*

பதில்: நிஜம். முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் 700 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. போரில் இரும்புக்கு இருந்த கிராக்கியில் ஆலை முதலாளிகள் நன்றாகவே சம்பாதித்திருந்தார்கள், பால்ட்வின் குடும்பமும்தான். அது அவருக்கு உறுத்தியது. தன் சொத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்: சுமார் 5,80,000 பவுண்டு. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 1,20,000 பவுண்டு மதிப்புள்ள போர்க்கடன் பத்திரங்களைக் கருவூலத்திடம் ஒப்படைத்தார். அரசு அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ரத்து செய்வதற்காக.

1919 ஜூன் 24-ல் 'தி டைம்ஸ்' நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. பணக்காரர்கள் தாங்களாக முன்வந்து தங்கள் மீது வரி போட்டுக்கொள்ள வேண்டும், நான் இவ்வளவு கொடுத்திருக்கிறேன் என்றது கடிதம். கையெழுத்து 'எஃப்.எஸ்.டி.' என்று மூன்றே எழுத்து. கருவூலத்தின் நிதிச் செயலாளர் என்ற அவருடைய பதவியின் ஆங்கிலச் சுருக்கம் அது. யார் என்று ஊருக்கு வெகுநாள் தெரியவில்லை. பணக்காரர்கள் பெரிதாக யாரும் பின்தொடரவும் இல்லை. பெயர் போடாமல் கொடுத்தார் பாருங்கள், அவர் மீது எனக்குள்ள மரியாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: முதலாளியாக இருந்தவர் தொழிலாளர்களுக்கு என்ன நியாயம் செய்திருக்க முடியும்? 1926 பொது வேலைநிறுத்தத்தை முறியடித்தவர்தானே?
*- தொழிற்சங்க நண்பர், திருப்பூர்*

பதில்: உங்கள் கோபம் சரிதான். ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1925 மார்ச் 6. அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்காரர் ஒருவரே தொழிற்சங்கங்களுக்கு எதிராக ஒரு மசோதா கொண்டுவருகிறார். சங்கச் சந்தாவில் ஒரு பகுதி லேபர் கட்சிக்குப் போகும். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். இதுதான் அப்போது நடைமுறை. இதைத் திருப்பிப் போட்டு, விருப்பம் என்று எழுதிக் கொடுத்தவரிடம் மட்டுமே வாங்கலாம் என்றது மசோதா. பால்ட்வின் எழுந்து, வேண்டாம் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் வில்டன் ஆலை.

அங்கே ஒவ்வொரு ஆளையும் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும் என்றார். ஆலைக் கஷ்டத்தை மட்டுமல்ல, வீட்டுக் கஷ்டத்தையும் பேசுவோம். தாத்தா, அப்பா, மகன் என்று வழிவழியாக வேலை. யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. வயதானவர்கள் தள்ளுவண்டியின் கைப்பிடியில் உட்கார்ந்து பைப் புகைத்தபடி பொழுதைக் கழிப்பார்கள். ஒருமுறை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். உலைகள் ஒவ்வொன்றாக அணைந்து, அந்தத் தகராறில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரம் பேர் சும்மா நின்றார்கள். ஆறு வாரம் அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து வந்ததையும் அந்தப் பேச்சில் சொன்னார். மசோதா போயிற்று.

என் அப்பா ஒரு தகரப் பட்டறையில் கணக்கு எழுதியவர். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஒருவரிடம் 'பையனுக்குக் காய்ச்சல் விட்டதா?' என்று கேட்டால், அன்று பட்டறையின் முகமே வேறு என்பார். அதனால் இந்தப் பேச்சைப் படிக்கும்போது என்னால் அதைப் பசப்பு என்று தள்ள முடியவில்லை.

ஆனால் அதே காரணத்தால்தான் அவர் தவறினார் என்றும் நினைக்கிறேன். வில்டன் மாதிரி சின்ன ஆலைகளின் காலம் போய்விட்டது. அவருடைய குடும்ப நிறுவனமே 1902-ல் பெரிய கம்பெனியாக இணைந்துவிட்டதே! நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் அவருடைய அப்பாவைப் போன்றவர்களும் அல்ல. கூலியைக் குறை, நேரத்தைக் கூட்டு என்று நின்றார்கள். ஒன்பது மாதம் அரசு மானியம் கொடுத்து அந்தக் கூலிக் குறைப்பை ஒத்திப்போட்ட பால்ட்வின், மானியம் முடிந்ததும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக 1926 மே 3-ல் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் 12-ல் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் நவம்பர் வரை பட்டினியோடு நின்று தோற்றார்கள். இடையில் சுரங்க வேலை நேரத்தை ஏழு மணியிலிருந்து எட்டாக்க அவருடைய அரசே சட்டம் போட்டது. மறு வருடம், 1925-ல் அவர் தடுத்தாரே, அந்தச் சந்தா ஏற்பாட்டையும் அவருடைய அரசே சட்டமாக்கியது. இதை நான் மன்னிக்கவில்லை.

அப்புறம், 1929-ல் லேபர் கட்சி எம்.பி.யாகி எதிர் வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஆலிவர் பால்ட்வின். இவருடைய சொந்த மகன்.

கேள்வி: இந்தியாவுக்கு அவரால் நன்மை உண்டா?
*- கல்லூரி மாணவர், மதுரை*

பதில்: உண்டு. 1935 இந்திய அரசுச் சட்டம் அவர் மூன்றாம் முறை பிரதமராக இருந்தபோது நிறைவேறியது. சர்ச்சிலும் கட்சியில் ஒரு பெரும் பகுதியும் எதிர்த்தும், வருடக்கணக்கில் பின்வாங்காமல் நின்றார். கவர்னர்களின் தனி அதிகாரம் போன்ற குறைகள் அதில் நிறைய. ஆனால் அந்தச் சட்டத்தின்படி நடந்த தேர்தலில்தான் 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது.

கேள்வி: பிறகு ஏன் அவரை வெறுத்தார்கள்?
*- வாசகி, ஈரோடு*

பதில்: ஹிட்லர் ஆயுதம் குவித்தபோது பிரிட்டனைப் போதிய அளவு தயார் செய்யவில்லை என்ற பழி. பழி முழுவதும் அவருடையதல்ல, பங்கு உண்டு. 1937-ல் மரியாதையோடு ஓய்வு பெற்றவருக்கு, போர் வந்ததும் வசவுக் கடிதங்கள் குவிந்தன.

போர்க்காலத்தில் ஆயுதம் செய்ய வீட்டு இரும்பு வேலிகளையும் கதவுகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அவருடைய ஆஸ்ட்லி ஹால் வீட்டில் வேலைப்பாடுள்ள இரும்புக் கதவுகள் இருந்தன. விட்டுவிடுங்கள் என்று விண்ணப்பித்தார். பார்க்க வந்த கட்டடக் கலைஞரும் விட்டுவிடலாம் என்றார். 1942 பிப்ரவரியில் அமைச்சகம் மறுத்தது: முன்வாசல் கதவு தவிர எல்லாம் போக வேண்டும். பத்திரிகைகள் வைதன. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அவருடைய கட்சிக்காரரே ஒருவர், மக்களின் நியாயமான கோபத்திலிருந்து தப்பிக்க அவருக்கு அந்தக் கதவுகள் தேவை என்றார். இரும்பு உருட்டியே வளர்ந்த குடும்பத்தின் மகன், எழுபத்து நான்கு வயதில் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

1945-ல் மனைவி லூசியும் போய்விட்டார். 1947 டிசம்பர் 14-ல் தூக்கத்திலேயே இவர் உயிர் பிரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சிலைத் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். கூட்டம் அவரை அடையாளம் கண்டு வாழ்த்தி ஆரவாரம் செய்தது. காது கேட்காத அந்த முதியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "என்னைத்தான் ஏசுகிறார்களா?"