மறு: 3 மணி நேர மின்தடைக்கு 5 சதவீதக் கழிவு மட்டும்தானா?

வணக்கம் நண்பரே. 99.99 சதவீத நேரம் மின்சாரம் இருக்கும் என்று எழுதிக்கொடுத்த டேட்டா சென்டரில் உங்கள் ரேக் (சர்வர்களை அடுக்கிய அலமாரி) 3 மணி நேரம் அணைந்து கிடந்தது, அவர்களோ மாத வாடகையில் 5 சதவீதம் கழித்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 30 நாள் மாதத்துக்கு 99.99 என்றால் தடைக்கு அனுமதி நாலரை நிமிடம்கூட இல்லை. ஆண்டு முழுவதற்குமே 53 நிமிடத்துக்குள்தான்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, 'தடை' என்பதற்கு ஒப்பந்தம் தரும் வரையறை. ஏ, பி என்ற இரண்டு மின்பாதைகளும் ஒருசேர நின்றால்தான் தடை என்று பலர் எழுதிவிடுவார்கள். நானே இதில் மாட்டியிருக்கிறேன். சர்வரின் இரண்டு பவர் கார்டுகளையும் எங்கள் ஆள் ஒரே பி.டி.யூ.வில் (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டை), அதாவது ஒரே மின்பாதையில் செருகியிருந்தார். ஒரு பாதைதான் போனது, எங்கள் கோரிக்கை அங்கேயே தள்ளுபடி. இன்றே ரேக்கின் பின்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், பி.டி.யூ. பதிவுகளையும் அழியாமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, 'கழிவு ஒன்றே பரிகாரம்' என்ற வரி இருக்கிறதா? இருந்தாலும் மனம் தளராதீர்கள். கடும் அலட்சியத்துக்கு விலக்கு இருக்கலாம். அடிக்கடி தடை வந்தால் அபராதமின்றி விலகும் உரிமை வேறொரு பிரிவில் ஒளிந்திருக்கலாம். கோரிக்கைக்கான நாள்கெடுவை இன்று இரவே பாருங்கள்.

தயவுசெய்து வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். மூலகாரண அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். கழிவை ஏற்கும் முன், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று வழக்கறிஞர் மூலம் ஒரு கடிதம் போகட்டும்.