கென்மு: மூன்றே வருடத்தில் கலைந்த பேரரசர் ஆட்சி (கேள்வி பதில்)

14ஆம் நூற்றாண்டு ஜப்பானில், ஷோகுன்களை, அதாவது பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களை, ஓரங்கட்டிவிட்டுக் கோ-டைகோ என்ற பேரரசரே நேராக ஆள முயன்ற காலம் கென்மு. அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, கென்மு என்பது அரசர் பெயரா, வருடத்தின் பெயரா?

வருடக் கணக்கின் பெயர். அரசவை ஒரு பெயரை அறிவிக்கும். அதிலிருந்து முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். இப்போது ஜப்பானில் நடப்பது ரெய்வா. இன்று ஒரு பேரரசருக்கு ஒரு பெயர்தான். அந்தக் காலத்தில் நிலநடுக்கம், கொள்ளைநோய், வால்நட்சத்திரம் என்று எது வந்தாலும் பெயரை மாற்றிவிடுவார்கள்.

கென்மு பிறந்தது 1334இல். சீனாவில் வாங் மாங் பறித்த ஆட்சியை ஹான் வம்சத்துக்கு மீட்டுத் தந்த குவாங்வு பேரரசர், கி.பி. 25இல் தன் ஆண்டுக்கு வைத்த பெயரின் அதே இரண்டு எழுத்துகள். 'போனதை மீட்டேன்' என்று ஊருக்குச் சொல்லும் பெயர். ஆனால் இரண்டாவது எழுத்துக்குப் படை, போர் என்று பொருள். இது வேண்டாமே என்று அரசவையிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். பேரரசர் கேட்கவில்லை.

கேள்வி: காமகுராவில் ஷோகுன் ஆட்சி பலமாகத்தானே இருந்தது? எப்படிக் கவிழ்ந்தது?

வெளியே பலம், உள்ளே ஓட்டை. 1274இலும் 1281இலும் மங்கோலியர் படையெடுத்து வந்தபோது சாமுராய்கள் சொந்தச் செலவில் போய்ச் சண்டை போட்டார்கள். வெளியிலிருந்து வந்தவனை விரட்டினால் பங்கு போட்டுக் கொடுக்க நிலம் ஏது? கடன்தான் மிச்சம். காமகுராவில் ஷோகுன் பெயருக்குத்தான். உண்மையில் ஆண்டது ஹோஜோ குடும்பம். அவர்கள் மீதுதான் எல்லாருக்கும் கோபம்.

பேரரசர் இருந்த தலைநகரான கியோட்டோவில் வேறொரு சண்டை. அரச குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்து, மாறி மாறி அரியணை ஏறிக்கொண்டிருந்தது. காமகுராதான் பஞ்சாயத்து. 1318இல் பட்டத்துக்கு வந்த கோ-டைகோவுக்கு, தனக்குப் பிறகு தன் மகன் வர முடியாது என்பது தெரியும். 1324இல் ஒரு சதி, அம்பலமானது. 1331இல் இன்னொன்று, அதுவும் அம்பலமானது. கசாகி மலைக்கு ஓடினார். பிடித்து 1332இல் ஓகி தீவுக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த வருடமே தப்பி வந்துவிட்டார்.

அதற்குள் குசுனோக்கி மசாஷிகே என்பவர் சிஹாயா மலைக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, காமகுராவின் பெரும்படையை அசையவிடாமல் கட்டிப்போட்டிருந்தார். கலகத்தை அடக்கக் காமகுரா அனுப்பிய அஷிகாகா தகாவுஜி கட்சி மாறி, கியோட்டோவில் இருந்த காமகுராவின் தலைமையகத்தையே அடித்து நொறுக்கினார். அதே மாதம் நிட்டா யோஷிசதா என்ற இன்னொரு சாமுராய்த் தலைவர் காமகுராவுக்குள் புகுந்தார். ஹோஜோ தலைவர்கள் டோஷோஜி கோயிலில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்கள். எல்லாம் 1333இல்.

கேள்வி: கோ-டைகோ எப்படிப்பட்ட ஆள்? கனவு காண்பவரா, சர்வாதிகாரியா?

அவருடைய ஓவியம் ஒன்று இருக்கிறது. தலையில் மகுடம், மேலே பௌத்தத் துறவியின் அங்கி, ஒரு கையில் வஜ்ரம், மறு கையில் மணி. அரசரும் தானே, குருவும் தானே. 'கோ-டைகோ' என்றால் இரண்டாம் டைகோ. செத்த பிறகு மற்றவர்கள் சூட்ட வேண்டிய பெயரை உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தேர்ந்துகொண்டார், 10ஆம் நூற்றாண்டின் டைகோ பேரரசரைப் போல ஆள்வேன் என்று.

இன்று முன்னுதாரணம் என்கிறீர்களே, அது அன்றைக்குப் புதுமை. நான் செய்யும் புதுமை நாளைக்கு முன்னுதாரணம் ஆகும் என்று அவர் சொன்னதாக பைஷோரோன் என்ற பழைய போர் வரலாறு எழுதுகிறது. எனக்குப் பிடித்த வாசகம். ஆனால் இதைச் சொல்லுகிற ஆள் தனக்கு மேலதிகாரியாக வந்தால் எப்படி இருக்கும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெயித்த கையோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்றார்? சாமுராய்களை மதிக்காததால்தான் என்று பாடத்தில் ஒரே வரி இருக்கிறது, சார்.

அந்த ஒரு வரி போதாது. என்னைக் கேட்டால், அவரைக் கவிழ்த்தது காகிதம்.

1333 கோடையில் அவர் சொன்னது இதுதான்: யாருடைய நிலம் யாருக்கு என்பதை இனி என் ஆணைக்கடிதம்தான் தீர்மானிக்கும். அந்தக் கடிதத்துக்கு ரின்ஜி என்று பெயர். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காமகுராவின் 1232 சட்டப்படி, ஒரு நிலம் 20 வருடம் ஒருவர் அனுபோகத்தில் இருந்துவிட்டால், பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து யாரும் அதைக் கேட்க முடியாது. சாமுராய்கள் மூன்று தலைமுறையாக அந்த நம்பிக்கையில் தூங்கினார்கள். இப்போது ஒரு ரின்ஜி வந்தால் அவ்வளவுதான், எல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

ஆகவே நாடே கியோட்டோவுக்குக் கிளம்பியது. நிலம் போய்விடுமோ என்று பயந்தவன், எப்போதோ போன நிலத்தை மீட்க வந்தவன், யாருடைய நிலத்தையாவது அமுக்கலாமா என்று வந்தவன். தாங்க முடியாமல் அடுத்த மாதமே பேரரசர் இறங்கி வந்தார்: ஹோஜோ பக்கம் நின்றவர்கள் தவிர மற்றவர்களின் நிலம் இருந்தபடியே இருக்கும், அந்தந்த மாகாணத்திலேயே உறுதி செய்துகொள்ளலாம் என்று. நில வழக்குக்கென்று தனி நீதிமன்றம் வந்தது. முதலில் நான்கு அமர்வு, 1334இல் எட்டு. ஒரே வயலுக்கு இரண்டு பேர் கையில் இரண்டு ரின்ஜி இருந்தால் எட்டு அமர்வு என்ன செய்யும்?

1334 எட்டாம் மாதம், அரண்மனைக்குப் பக்கத்தில் நிஜோ ஆற்றங்கரையில் யாரோ ஒரு நையாண்டிப் பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 88 வரி. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. 'இந்நாளில் தலைநகரில் பெருகி வருபவை: இரவுத் தாக்குதல், கொள்ளை, பொய் ரின்ஜி' என்று தொடங்குகிறது. மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். கொள்ளைக்கு அடுத்தபடி போலி அரசாணை! அப்புறம் வெட்டுண்ட தலைகள், திடீர்ப் பிரபுக்கள், நடக்காத போருக்குப் பரிசு கேட்பவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. பழக்கமில்லாத தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு அரசவையில் திரிகிற புதுப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். நடுவில் ஒரு வரியில், சொந்த ஊரை விட்டு வந்த வழக்காளி ஒருவன், பத்திரங்கள் வைத்த, கொடியால் பின்னிய சின்னப் பெட்டியோடு. நமக்கெல்லாம் தெரிந்த ஆள்தான் அவன்.

கேள்வி: சொந்தமாக நாணயம் வெளியிட்டாராமே?

அறிவித்தார். கென்கொன் ட்சூஹோ என்று பெயர்கூட வைத்தாயிற்று, காகிதப் பணமும் திட்டத்தில் இருந்தது. ஒரு காசுகூட இதுவரை கிடைக்கவில்லை. புது அரண்மனை கட்டுவதற்கு ஜித்தோக்களின், அதாவது கிராம நிலங்களைக் கவனித்த சாமுராய்களின், வருமானத்தில் 20இல் ஒரு பங்கு கேட்டார் என்பது அதைவிட முக்கியம். பரிசு வாங்க வந்தவனிடம் வரி கேட்டால்?

கேள்வி: பரிசு கொடுத்ததில் அநியாயம் நடந்ததா, அல்லது தோற்றவர்கள் கிளப்பிவிட்ட கதையா?

நடந்தது. அகமாட்சு நோரிமுரா என்பவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே கிளம்பிக் கியோட்டோ போரில் முன்னால் நின்றவர். ஹரிமா மாகாணத்தின் காவல் பொறுப்பைக் கொடுத்து, அப்புறம் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் பிறகு தகாவுஜி பக்கம் போனதில் என்ன ஆச்சரியம்? மறுபுறம், பேரரசருக்கு வேண்டிய நால்வரை 'மூன்று மரம், ஒரு புல்' என்று ஊர் கேலி செய்தது. யூகி, ஹோகி, குசுனோக்கி மூன்றும் 'கி' என்று முடியும். கி என்றால் மரம். நான்காமவர் சிகுசா, குசா என்றால் புல். 1336க்குள் நால்வரும் போரில் செத்தார்கள். அவ்வளவு விசுவாசம் அவர்களிடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: தகாவுஜி துரோகிதானே சார்? இரண்டு தடவை கட்சி மாறினவர்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேரரசர் தன் சொந்தப் பெயரிலிருந்து ஓர் எழுத்தை அவருக்குக் கொடுத்தார், மாகாணங்களும் கொடுத்தார். ஆனால் புதிய அரசின் முக்கிய அலுவலகங்களில் அவர் இல்லை. அரசவையினர் 'தகாவுஜி இல்லை' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்குக் கவலை.

1335இல் ஹோஜோ வாரிசு ஒருவன் காமகுராவைப் பிடித்தான். தகாவுஜி ஷோகுன் பட்டம் கேட்டார், கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமலே படையோடு போய் மீட்டார். அங்கேயே உட்கார்ந்து தன் ஆட்களுக்குத் தானே நிலம் கொடுக்கத் தொடங்கினார். கலகம் என்பது உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது: ரின்ஜி எழுதும் வேலையை இன்னொருவர் செய்கிறார்.

ஆனால் பேரரசரின் படை தன்னை நோக்கி வருகிறது என்றதும் அவர் செய்தது என்ன தெரியுமா? குடுமியை வெட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார், துறவியாகிறேன் என்று. தம்பி ததாயோஷி தோற்கிறார் என்று கேட்டபிறகுதான் எழுந்து வந்தார். தலைவர் மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்று அவருடைய வீரர்களும் முடியை வெட்டிக்கொண்டார்களாம்!

1336இல் கியோட்டோவைப் பிடித்து, தன் பக்கத்துப் பேரரசரை அரியணையில் ஏற்றிய இரண்டே நாளில் கியோமிசு கோயிலில் ஒரு வேண்டுதல் எழுதி வைத்தார். இந்த உலகம் கனவு, எனக்குத் துறவு மனம் கொடு, இம்மையின் நன்மையை எல்லாம் ததாயோஷிக்குக் கொடு என்று. பின்னாளில் அதே தம்பியோடு போர் செய்தார் என்பது வேறு கதை.

1863இல், பேரரசர் பக்தர்கள் சிலர் கியோட்டோவின் டோஜி-இன் கோயிலுக்குள் புகுந்து, தகாவுஜி உள்ளிட்ட மூன்று அஷிகாகா ஷோகுன்களின் மரச்சிலைகளின் தலையைக் கழற்றி ஆற்றங்கரையில் காட்சிக்கு வைத்தார்கள். 500 வருடம் கழித்தும் ஆத்திரம் தீரவில்லை.

கேள்வி: குசுனோக்கி மசாஷிகே பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணா. டோக்கியோ அரண்மனைக்கு வெளியே குதிரைமேல் இருப்பவர் அவர்தானா?

அவரேதான் தம்பி. 1336இல் மினாட்டோகாவா போரில் தோற்று, தம்பி மசாசுவேயோடு உயிரை விட்டார். அந்த இடம் இன்றைய கோபே நகரில். 1872இல் அங்கே ஒரு கோயிலும் எழுந்தது. ஏழு பிறவி எடுத்துப் பகைவரை அழிப்பேன் என்று அந்தத் தம்பி சொன்னதாக தைஹெய்கி என்ற போர்க்காவியத்தில் வரும். காவியம் காவியம்தான், சுருக்கெழுத்துக் குறிப்பு இல்லை. ஆனாலும் 1945இல் ஓகினாவாவில் விமானத் தற்கொலைத் தாக்குதல்களுக்கு இவருடைய 'மிதக்கும் செவ்வந்தி' சின்னத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். செத்தவருக்குத் தன் பெயரை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் உரிமை இல்லை.

கேள்வி: கென்மு 1336இல் முடிந்ததா, 1338இலா? இரண்டும் பார்க்கிறேன்.

இரண்டும் சரி. கோ-டைகோ 1336 தொடக்கத்தில் பெயரை எங்கென் என்று மாற்றினார். தகாவுஜி தரப்பு அதை ஏற்காமல் 1338 வரை கென்மு என்றே எழுதியது. கோ-டைகோ யோஷினோ மலைக்குத் தப்பிப் போய்த் தெற்கு அரசவை நடத்தினார், கியோட்டோவில் வடக்கு அரசவை. இரண்டும் ஒன்று சேர 1392 ஆகிவிட்டது. அந்தக் காலப் பத்திரத்தில் தேதியைப் பார்த்தாலே எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

இதில் வேடிக்கை, 1911இல் பள்ளிப் பாடப்புத்தகச் சண்டை முற்றித் தெற்கு அரசவைதான் முறையானது என்று முடிவானது. அப்போது அரியணையில் இருந்த மெய்ஜி பேரரசர் வடக்குக் கிளையின் வாரிசு.

கேள்வி: கோ-டைகோ பக்கம் இருந்தவர்கள் யாருமே அவரிடம் 'இது தப்பு' என்று சொல்லவில்லையா?

சொன்னார், ஓர் இளைஞர். கிட்டபாட்டகே அகியியே. பேரரசருக்காக வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டு முறை படை நடத்தி வந்தவர். முதல் முறை தகாவுஜியைக் கியோட்டோவிலிருந்தே விரட்டியவர். 1338 ஐந்தாம் மாதம் 15ஆம் நாள் யோஷினோவுக்கு ஒரு மனு எழுதினார். இன்று கிடைப்பதில் தொடக்கம் இல்லை, ஏழு பகுதி மிச்சம். மாகாணங்களுக்கு மூன்று வருடம் வரியை விடுங்கள். பதவியையும் பரிசையும் பார்த்துக் கொடுங்கள். உலாவையும் விருந்தையும் நிறுத்துங்கள். காலையில் போட்ட ஆணையை மாலையில் மாற்றினால் மக்கள் கைகாலை எங்கே வைப்பார்கள்? இதையெல்லாம் திருத்தாவிட்டால் உங்கள் அரசவையை விட்டு மலைக்குப் போய்விடுவேன் என்று முடித்தார்.

மலைக்குப் போகவில்லை. மனு எழுதி ஏழு நாள் கழித்து, இன்றைய சகாய் நகரில் உள்ள இஷிசுவில், அதே பேரரசருக்காகச் சண்டை போட்டுச் செத்தார். வயது 21.