பார் 2.6990-ம் மைனஸ் 1.3010-ம்

கேள்வி: என் பேத்தி வேதியியல் முதலாமாண்டு படிக்கிறாள். 0.05-க்கு மடக்கை பார்க்கச் சொன்னேன். நான் பழைய அட்டவணையில் பார்த்தால் பார் 2.6990, அவள் கால்குலேட்டரில் −1.3010. இரண்டு நாளாகத் திண்ணையில் இதே வாக்குவாதம். யார் சொல்வது சரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்களும் சரி, பேத்தியும் சரி ஐயா. 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.05 வருமோ அதுதான் அதன் மடக்கை, அதாவது லாக்; அதை எழுதும் முறைதான் வேறு. பார் என்பது கழித்தல் குறி, அது தலையில் கோடு போட்ட அந்த 2-க்கு மட்டும்தான், பின்னால் வரும் .6990 எப்போதும் கூட்டல்தான். இரண்டு மூட்டை நெல் பாக்கி இருக்கிறது, வீட்டில் 0.699 மூட்டை கிடக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் மீதிப் பாக்கி 1.301 மூட்டை, அதைத்தான் கால்குலேட்டர் −1.3010 என்று ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அட்டவணைக்காரர்கள் ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்றால், 5, 50, 0.05 எல்லாவற்றுக்கும் அதே 6990 போதும், முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் சரி. 1617-ல் ஹென்றி பிரிக்ஸ் 10-ஐ அடிமானமாக (அடுக்கேற்றும் எண்ணாக) வைத்து அட்டவணை போட்டதே இந்த வசதிக்காகத்தான்.

பேத்தியிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எதிர்மடக்கைக்கு, அதாவது மடக்கையிலிருந்து பழைய எண்ணைத் திரும்பப் பெற, ஷிஃப்ட் அழுத்தி லாக் அழுத்த வேண்டும், அப்போது 10-ன் அடுக்கு வரும். அங்கே −1.3010 போட்டால் 0.05 சரியாகத் திரும்பி வரும். உங்கள் நோட்டில் இருக்கும் பார் 2.6990-ஐப் பார்த்து −2.6990 என்று தட்டிவிட்டால் 0.002 வரும், விடை 25 மடங்கு குறைந்துபோகும். நான் பார்த்தவரை பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் லாக், எல்என் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கும். எல்என் என்பது 2.71828-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை. 50-க்கு லாக் 1.6990, எல்என் 3.9120. நிலத்து நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) கணக்குக்கு லாக்தான் வேண்டும்: ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 3.2 × 10⁻⁸ மோல் என்றால் லாக் −7.49, குறியை மாற்றினால் பி.எச். 7.49. புதுக் கால்குலேட்டர் கையில் வந்தால் முதலில் 100-க்கு லாக் போட்டுப் பாருங்கள், 2 வந்தால் சரியான பொத்தான். பழைய ஒற்றை வரி மாடல்களில் எண்ணை முதலில் தட்டிவிட்டு லாக் அழுத்த வேண்டும், இப்போது வருபவற்றில் லாக் முதலில், எண் பிறகு.

கேள்வி: சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணத்தை 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருக்கிறேன். எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தெரிய, லாக் 2-ஐ லாக் 1.07-ஆல் வகுக்கச் சொன்னார் நண்பர். எனக்கு 1.83 வருகிறது. நம்பலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நம்பாதீர்கள். நண்பர் சொன்ன வழி சரிதான், அடைப்புக்குறிதான் விடுபட்டிருக்கிறது. இப்போதைய கால்குலேட்டர் பலவற்றில் லாக் அழுத்தியதுமே ஒரு அடைப்பு தானாகத் திறந்துகொள்ளும், 2 தட்டியதும் அதை நீங்கள்தான் மூட வேண்டும். மூடாமல் வகுத்தல் போட்டால், 2-ஐ லாக் 1.07-ஆல் வகுத்து வரும் 68.06-க்கு லாக் எடுத்துவிடும், அதுதான் உங்கள் 1.83. லாக், 2, மூடும் அடைப்பு, வகுத்தல், லாக், 1.07, மூடும் அடைப்பு, சமம். இப்படித் தட்டினால் 10.24 வரும். இரண்டு இடத்திலும் லாக்குக்குப் பதில் எல்என் போட்டாலும் அதே 10.24-தான், ஒன்றில் லாக் இன்னொன்றில் எல்என் என்று கலந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் கணக்கு இது, பத்தாவது ஆண்டு முடிவில் உங்கள் ஒரு லட்சம் 1,96,715 ரூபாயாக இருக்கும்.