தேக்கு அலுமாரியில் வெள்ளை பெயின்ற்றை மீறி வரும் மஞ்சள் கறை

தேக்கு அலுமாரிக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தும் மஞ்சள் கறை மேலே வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது தடவையும் வெள்ளை அடிக்காதீர்கள், கறை திரும்ப வரும். மேற்பூச்சுக்கு முன் அரக்குப் (ஷெல்லாக்) பூச்சு ஒன்று வேண்டும்.

நீங்கள் அடித்தது தண்ணீரில் கலக்கும் இமல்ஷன் என்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். பெயின்ற் ஈரமாக இருக்கும்போது தேக்கின் துவர்ச்சாயம் (மரத்திலேயே இருக்கும் நிறப்பொருள்) அதில் கரைந்து மேலே ஏறும். காய்ந்ததும் தேத்தண்ணி சிந்தியதுபோல் நிற்கும். (தேக்குக்கு வெள்ளையடிக்க எனக்கு மனம் வராது. அது உங்கள் விருப்பம்.)

முதலில் ஒன்று பாருங்கள். பிளீச் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் கறையில் ஒற்றுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சணம். கழுவிக் காயவிட்டால் போதும். வெளுக்காவிட்டால் சாயம்தான்.

1. சாண்ட்பேப்பரால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.
2. ஸ்பிரிட்டில் கரைத்த, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காயவேண்டும்.
3. அப்புறம் வெள்ளை. முதலில் ஒரு கதவின் உட்பக்கத்தில் கையகல இடத்தில் மட்டும் அடித்து, ஓரிரவு விட்டுப் பாருங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் மாரி தொடங்கிவிட்டதென்றால் பொறுங்கள். ஈரக்காற்றில் அரக்கு வெளிறிப் பூத்துவிடும். அடுப்புக்குக் கிட்டவும் வைத்துப் பூசவேண்டாம், ஸ்பிரிட் சட்டென்று பற்றும்.