மறந்துபோன இரண்டு மாதங்கள்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 16 வயது. ஒரு வருடமாகத் தீவிர மனச்சோர்வு. மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. இப்போது சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். இசிடி, அதாவது மயக்க மருந்து கொடுத்து மூளைக்குச் சிறிது மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பத்து வருடம் கழித்து அவள் மூளை என்ன ஆகும்? படிப்பு வருமா? நாளைக்குக் கல்யாணம்? அவள் தம்பியிடம் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

– ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அதற்கு வருகிறேன்.

இளம் வயதில் இசிடி பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் குறைவு. 2000இல் பிரான்சிலிருந்து ஒன்று வந்தது. தீவிர மனநிலைக் கோளாறுக்காக இசிடி பெற்ற 10 பேரைச் சராசரியாக மூன்றரை ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். இசிடி பெறாத மற்ற இளம் நோயாளிகளைவிட அவர்கள் நினைவாற்றலில் பின்தங்கவில்லை. சிகிச்சை முடிந்த கையோடு மறதி இருந்ததாக ஆறு பேர் சொன்னார்கள். பிறகும் அப்படிச் சொன்னவர் ஒருவர்தான். பத்துப் பேர் என்பது சின்னக் கணக்கு. ஆனாலும் உங்கள் பயத்துக்கு எதிராக வைக்க அது இருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றி இப்போது பேசாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள்.

என் தம்பிக்கு 17 வயதில் இசிடி கொடுத்தார்கள். நான்காவது முறை முடிந்த மறுநாள் விரல்களைப் பார்த்தான். "நகம் ஏன் இவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று நகவெட்டி கேட்டான். வாரக்கணக்கில் பேசாதவன். அம்மா அழுதபடி வீடெல்லாம் தேடினாள்.

அப்புறம்தான் தப்புச் செய்தோம். சிகிச்சையை ஒட்டிய இரண்டு மாதங்கள் அவன் நினைவில் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டான். அம்மா டைபாய்டு என்றாள். அப்பா மஞ்சள் காமாலை என்றார். நான் பேச்சை மாற்றினேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, தன் மூளைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டான். "காய்ச்சல்தான் போயாச்சே, மாத்திரை எதுக்கு?" என்றான். பதில் சொல்ல எங்களுக்கு வாயில்லை. நிறுத்தினான். நான்கே மாதத்தில் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

இசிடி நோயிலிருந்து மீட்கும். மீண்டவரை அப்படியே வைத்திருக்க மருந்து தொடர வேண்டும். பெரியவர்களிடம் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இசிடிக்குப் பிறகு மருந்தே இல்லாத போலி மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. இரண்டு மருந்துகள் சேர்த்துப் பெற்றவர்களில் 39 சதவீதம். காய்ச்சல் என்று நம்பும் பெண் எதற்காக மாத்திரை விழுங்குவாள்? அவள் தம்பியிடம் சொன்ன பொய்யை நாளை அவளிடமும் சொல்வீர்கள். சொல்லாதீர்கள்.

தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்முனை வைத்தால் மறதி குறைவு. அவளுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவள் சம்மதத்தையும் கேளுங்கள். கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே!

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி போட்டு எழுதுங்கள். யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தாள், எதற்கு அழுதாள், எல்லாம். என் தம்பிக்கு மறுபடி இசிடி கொடுத்தபோது நான் எழுதினேன். இன்னும் வைத்திருக்கிறான்.

பையனிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா