ஆய்வகத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தம்பி, அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த கையோடு இணையப் பாதுகாப்புப் பட்டப்படிப்பைத் தொடங்கும் பொறுப்பும் வந்திருப்பதாக எழுதி, எங்கே தொடங்குவது, வீடு எங்கே பார்ப்பது, கார் எது வாங்குவது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். வீட்டையும் காரையும் உங்கள் துறையினரே பார்த்துத் தருவார்கள்.

மானியம் வந்ததும் சர்வர்களை வாங்கி ஆய்வகம் திறக்கவே நிர்வாகம் அவசரப்படும். ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க அதுதான் தோது. நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் மானியம் முடிந்த ஆண்டே மென்பொருள் உரிமங்கள் காலாவதியாகி, பாடம் நடத்தியவரும் கூடுதல் சம்பளத்துக்குத் தனியார் நிறுவனத்துக்குப் போய்விட, பூட்டிய அறையின் வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. ஆகவே முதலில் நிரந்தர ஆசிரியர் பணியிடத்தை எழுத்தில் வாங்குங்கள். இணையப் பாதுகாப்புக் கல்வியில் சிறந்து விளங்கும் கல்லூரிகளுக்கு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை (என்.எஸ்.ஏ.) தரும் சிறப்பு மைய அங்கீகாரத்துக்கும் பாடத்திட்டத்தைத்தான் முதலில் சோதிப்பார்கள்.

நம்மவர்கள் பலர் இந்தியாவிலிருந்து வரும் முதுநிலை மாணவர்களை நம்பியே இத்தகைய படிப்பை அமைத்துவிடுகிறார்கள். இணையப் பாதுகாப்பு படிப்போருக்கு அமெரிக்க அரசு தரும் சைபர்கோர் உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டுமே உரியது. அரசு ரகசியங்களைக் கையாளுவதற்கான பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பணிகளோ பெரும்பாலும் குடிமக்களுக்கே. எனவே உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகவே படிப்பை அமையுங்கள். அனுமதிக்கான விசாரணையில் கட்டாத கடன்களையும் துருவுவார்கள் என்பதை முதலாண்டிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இறுதியாண்டில் தெரிந்து இடிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2015-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமையிலான 13 கறுப்பினக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு இணையப் பாதுகாப்புக் கல்விக்காக ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் அறிவித்தபோது, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் வட்டாரப் பள்ளி நிர்வாகத்தையும் அதில் சேர்த்திருந்தது. பள்ளிக் கணிதம் தேறாமல், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கவியல் ஏறாது என்று புரிந்தவர்கள் வகுத்த திட்டம் அது. நானும் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளிவரும் பெற்றோரிடம் நின்று பேசி ஆள் சேர்க்கப் பழகிக்கொண்டேன். "அந்தக் காலேஜிலா வேலை?" என்று தமிழ்ச் சங்க விருந்தில் முகம் சுளித்தவர்கள் ஒருநாளும் நான் வேலை பார்க்கும் வளாகத்தில் கால் வைத்ததில்லை, நீங்களும் அவர்களைச் சட்டை செய்யாதீர்கள்.

இல்லினாய்ஸில் 1865-இல் தொடங்கி, கறுப்பின மாணவர்கள் மிகுந்திருந்த லிங்கன் கல்லூரி, பெருந்தொற்றில் நலிந்திருந்த வேளையில் 2021 டிசம்பரில், தரவுகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிச் சேர்க்கைத் தரவுகள் முடங்க, 2022 மே மாதம் மூடப்பட்டது. உங்கள் வளாகத் தகவல் தொழில்நுட்ப அலுவலகத்திலும் ஆள் பற்றாக்குறை இருக்கும். இரண்டு மாணவர்களை ஊதியத்துடன் அங்கே அமர்த்தி, வளாக வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலின் பதிவுகளைப் பார்க்கப் பழக்குமாறு இந்தப் பருவத்திலேயே கேளுங்கள்.